என் மாத்திரையை உடைத்துத் தருபவர்கள்

எனக்கு முதன்முதலில் எழுதிக்கொடுத்த மாத்திரை ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. பெயர் சல்ஃபாசலசின். நாளொன்றுக்கு எட்டு. விழுங்க ஆரம்பித்த சில நாளில் சிறுநீரும் அதே ஆரஞ்சு நிறத்தில் போக, பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தேன். “அது அப்படித்தான் போகும், பயப்படாதீங்க” என்றார். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெயரையே தடுமாறாமல் சொல்லத் தெரியாத காலம் அது. பெருங்குடலின் உள்தோலில் புண், ரத்தமும் சீதமும் கலந்த பேதி, ராத்திரியில் நான்கு முறை எழுந்து ஓட்டம். ஏதோ கெட்ட கிருமி குடலுக்குள் புகுந்துவிட்டது, மாத்திரை அதைக் கொன்றுவிடும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பது தெரியவே பல வருஷம் ஆனது. தெரியவைத்தது அதே மாத்திரையின் கதைதான்.

ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் 1930களின் இறுதியில் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய மருந்து அது. மூட்டுவாதத்துக்குப் பின்னால் கிருமி இருக்கிறது என்று நம்பப்பட்ட காலம். அதனால் கிருமியைத் தடுக்கும் சல்ஃபாபிரிடினையும் வீக்கத்தைக் குறைக்கும் சாலிசிலேட்டையும் ஒரே மூலக்கூறாக ஒட்டவைத்தார்கள். பெருங்குடல் புண் இருந்தவர்களுக்கும் அது நன்றாகக் கேட்டது. எந்தப் பாதி வேலை செய்கிறது என்பது மட்டும் நெடுங்காலம் பிடிபடவில்லை. 1972இல் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது மருந்து உடையவே இல்லை. 1977இல் ஆக்ஸ்போர்டில் அசாத் கான், பிரிஸ், ட்ரூலவ் ஆகிய மூவரும் இரண்டு பாதிகளையும் தனித்தனியாக எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். புண்ணை ஆற்றியது சாலிசிலேட் பாதி. இன்று மெசலமின் என்றும் 5-ஏஎஸ்ஏ என்றும் சொல்லப்படுவது அதுதான்.

ஆக, கிருமியைக் கொல்லும் என்று நான் நம்பியிருந்த பாதி, மருந்தைப் பெருங்குடல்வரை ஏற்றிப்போகும் வண்டி. அங்கே போனதும் வண்டியிலிருந்து சரக்கை இறக்குவது என் குடலில் குடியிருக்கும் பாக்டீரியா. இரண்டு பாதிக்கும் நடுவே உள்ள பிணைப்பை அறுக்கும் நொதி அவற்றிடம் இருக்கிறது. யாரை ஒழிக்க மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நினைத்தேனோ, அவர்கள் கைபடாமல் மாத்திரையே பலிக்காது. இதைப் படித்த அன்று வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் குடலைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

குடல் என்றதும் தடித்த ரப்பர் குழாய் மாதிரி ஒரு படம்தான் மனசில் இருந்தது. தசையெல்லாம் தடிமன்தான். ஆனால் உள்ளே இருப்பதற்கும் நம் உடம்புக்கும் நடுவே நிற்கும் உள்தோல் ஒரே ஒரு செல் வரிசை. கையில் இருக்கும் தோலைப் போல அடுக்கடுக்காக இல்லை. பக்கத்துப் பக்கத்து செல்களைப் புரதங்கள் தைத்து வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். இந்த வரிசையும் நிரந்தரமில்லை. குட்டிக் குழிகளின் அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலே ஏறி, நாலைந்து நாளில் உதிர்ந்துபோகின்றன. போன வாரம் எனக்கு இருந்த உள்தோல் இந்த வாரம் இல்லை. மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் ஒரு கணக்கு வந்தது. மொத்த எடை ஏறக்குறைய 200 கிராம்தான், ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. அவ்வளவு கூட்டத்துக்கு எதிரே ஒற்றை செல் வேலி எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பதில் சீதத்தில் இருக்கிறது. மலத்தில் சீதம் போனால் நோய் என்றுதான் நமக்குத் தெரியும். சீதபேதி என்ற சொல்லே அப்படி வந்ததுதான். ஆனால் நலமாக இருக்கும் பெருங்குடலில் இந்தச் சீதம் உள்தோல்மேல் ஒரு படலமாகப் படிந்திருக்கிறது. உள்தோலில் கோப்பை வடிவத்தில் இருக்கும் செல்கள் அதை ஓயாமல் சுரக்கின்றன. அந்தப் படலம் இரண்டு அடுக்கு என்பதை ஸ்வீடனின் கோதன்பர்க்கில் மாலின் யோஹன்சனும் குன்னர் ஹான்சனும் சக ஆய்வாளர்களும் 2008இல் எலிகளிடம் தெளிவாகக் காட்டினார்கள். வெளி அடுக்கு தளர்வானது, அதில் பாக்டீரியா குடியிருக்கலாம். உள்தோலை ஒட்டிய அடுக்கு இறுக்கமானது, அங்கே பாக்டீரியாவே இல்லை. இத்தனை நாள் இது கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் அற்பமானது. ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்வதுபோலக் குடல் துண்டை ஃபார்மலினில் போட்டால் சீதம் சுருங்கிக் காணாமல் போய்விடுகிறது. தண்ணீர் கலக்காத கார்னாய் கரைசலில் போட்டால் நிற்கிறது. பார்க்கிற முறையிலேயே பார்க்க வேண்டியதை அழித்துக்கொண்டிருந்தோம்.

சீதத்தின் முக்கியப் புரதமான மியூசின்-2 இல்லாத எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி தானாகவே வந்துவிடுகிறது. என்னைப் போன்ற நோயாளிகள் பலரிடம், நோய் தீவிரமாக இருக்கும்போது அந்த இறுக்கமான உள் அடுக்குக்குள்ளும் பாக்டீரியா நுழைந்திருப்பதை 2014இல் அதே குழு காட்டியது. கொலனோஸ்கோபியில், அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையில், திரையில் நான் பார்த்த சிவந்த, தொட்டால் கசிகிற சுவருக்கு இப்போது ஒரு விளக்கம் கிடைத்தது. எதிரி புதிதாக வந்தவர் இல்லை. காலகாலமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள், நடுவே இருந்த கதவு போனதும் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். வீட்டுக்குள் இருக்கும் நோய் எதிர்ப்புப் படை திண்ணைக்காரர்களைக் கண்டு சுடத் தொடங்கிவிட்டது.

இதுவரை பாக்டீரியாவைத் தள்ளி நிறுத்தும் கதை. அவை தள்ளி நின்றுகொண்டே என்ன செய்கின்றன என்பதுதான் என்னை முழுசாக ஆட்கொண்ட பகுதி.

உடம்பின் எந்த செல்லும் ரத்தம் கொண்டுவரும் சர்க்கரையில் பிழைக்கிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். பெருங்குடலின் உள்தோல் விதிவிலக்கு. அதன் முக்கியச் சாப்பாடு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. நாம் செரிக்க முடியாமல் கீழே அனுப்பும் நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கின்றன. அதில் சில குட்டிக் கொழுப்பு அமிலங்கள் மிஞ்சுகின்றன. அவற்றில் ஒன்று பியூட்டிரேட். உள்தோல் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தை அதை எரித்துத்தான் பெறுகின்றன. ரோடிகர் என்ற ஆய்வாளர் நோயாளிகளின் பெருங்குடலிலிருந்து செல்களை எடுத்து, அவை பியூட்டிரேட்டைச் சரியாக எரிப்பதில்லை என்று கண்டார். 1980இல் லான்செட் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, இது ஆற்றல் பற்றாக்குறை நோயா என்று கேட்டது. அந்தத் தலைப்பில் இருந்த கேள்விக்குறி எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தத் துறையில் பின்னால் வந்த பலர் அதைப் போட மறந்துவிட்டார்கள்.

எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். ரத்தக்குழாயிலிருந்து வரும் ஆக்சிஜனை உள்தோல் செல்கள் பியூட்டிரேட்டை எரிப்பதிலேயே பெரும்பாலும் தீர்த்துவிடுகின்றன. அதனால் குடலின் உட்புறத்துக்கு ஆக்சிஜன் ஏறக்குறைய கசிவதே இல்லை. இது யாருக்கு வசதி? பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்களுக்கே. ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி என்று ஒன்று இருக்கிறது. பெயர் வாயில் நுழையாது, ஆனால் நலமான குடலில் மிக அதிகமாக இருப்பவற்றில் ஒன்று. காற்றுப் பட்டால் சில நிமிஷத்தில் செத்துவிடும். ஆக, அது உள்தோலுக்குச் சாப்பாடு போடுகிறது, உள்தோல் அதற்கு ஆக்சிஜன் இல்லாத வீட்டைக் கட்டித் தருகிறது.

இந்த ஏற்பாடு எந்த முனையில் அறுந்தாலும் மற்ற முனையும் சேர்ந்தே அவிழ்கிறது. கலிபோர்னியாவில் பாய்ம்லர் குழுவினர் 2017இல் எலிகளிடம் இதை அழகாகக் காட்டினார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்துப் பியூட்டிரேட் தயாரிப்பவர்களைக் குறைத்தால், உள்தோல் செல்கள் பியூட்டிரேட்டை எரிப்பதை விட்டுவிட்டுச் சர்க்கரைக்கு மாறுகின்றன. தீராத ஆக்சிஜன் உள்ளே கசிகிறது. ஆக்சிஜனைச் சுவாசிக்கத் தெரிந்த ஈ.கோலை வகையறாக்கள் கும்மாளம் போட்டுப் பெருகுகின்றன. ஆக்சிஜன் ஆகாதவை ஒடுங்குகின்றன. இந்த மாற்றத்துக்கு உள்தோல் செல்லுக்குள் ஒரு விசை இருக்கிறது, பிபார்-காமா என்று பெயர். பியூட்டிரேட் அந்த விசையை அழுத்திப் பிடித்திருக்கிறது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

இந்த நோய்களில் பெருகுபவை எல்லாம் வெளியூர் ஆட்கள் என்றும் நினைக்க வேண்டாம். ரூமினோகாக்கஸ் நாவஸ் என்று ஒன்று நலமானவர்களிடமும் கொஞ்சம் இருக்கிறது. குரோன் என்பது என் நோயின் பங்காளி, அதுவும் குடல் அழற்சி நோய்தான். அது உள்ளவர்களிடம் நோய் கிளம்பும்போது இந்த நாவஸ் திடீரென்று பெருகுகிறது. அதற்குச் சீதத்தைத் தின்னத் தெரியும். 2016இல் மிச்சிகன் பல்கலைக்கழகமும் லக்ஸம்பர்க் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த சோதனையில், எலிகளுக்கு நார்ச்சத்தை நிறுத்தியபோது பாக்டீரியாக்கள் பசிக்குச் சீதப்படலத்தையே மேயத் தொடங்கின. படலம் மெலிந்தது. அப்போது ஒரு நோய்க்கிருமியை உள்ளே விட, அது உள்தோலை எளிதாகத் தொட்டுவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறோம். இங்கே தீனி கிடைக்காத ஆடு வேலியை மேய்கிறது. ஆனால் சீதம் தின்பதெல்லாம் கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 2004இல் நெதர்லாந்தில் அடையாளம் கண்ட அக்கர்மான்சியாவின் முழுநேரத் தொழிலே சீதம் தின்பதுதான், ஆனால் என் நோய் உள்ளவர்களிடம் அது குறைவாகத்தான் இருக்கிறது. நல்லவர் கெட்டவர் என்று பட்டியல் போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை போனது இங்கேதான்.

சரி, என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

இதையெல்லாம் அரைகுறையாகப் படித்திருந்த ஒரு கட்டத்தில், ரெமிஷன் வந்து, அதாவது நோய் அடங்கி, எட்டு மாதம் ஆகியிருந்தது. ரத்தம் இல்லை, வலி இல்லை. பாக்டீரியாவைச் சரிசெய்தால் குடல் தானாகச் சரியாகும், பிறகு எதற்கு இந்த மாத்திரை என்று தோன்றியது. இணையத்தில் ஒரு கம்பெனியின் புரோபயாடிக் காப்ஸ்யூலை வாங்கினேன். டப்பாவில் கோடிக்கணக்கில் எண் போட்டிருந்தது. நார்ச்சத்துப் பொடியும் வாங்கினேன். மெசலமினுக்கு எப்போதோ மாறியிருந்தேன், அதை யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். ஆறாவது வாரம் வயிறு உப்ப ஆரம்பித்தது. பத்தாவது வாரம் ரத்தம். அப்போதும் “நல்ல பாக்டீரியா குடியேறும்போது முதலில் இப்படித்தான் இருக்கும்” என்று காப்ஸ்யூல் விற்றவர்கள் எழுதியிருந்ததை நம்பினேன். இன்னும் இரண்டு வாரம் ஓட்டினேன்.

கால்புரொடெக்டின் என்று ஒரு மலப் பரிசோதனை உண்டு. குடலுக்குள் வந்து சேர்ந்த வெள்ளையணுக்கள் விட்டுச்செல்லும் புரதத்தை அளப்பது. எனக்கு அது வழக்கமான அளவைவிடப் பல மடங்கு எகிறியிருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“நிறுத்திட்டேன் டாக்டர்.”

“எப்போ?”

“மூணு மாசம் ஆச்சு.”

திட்டவில்லை. ஸ்டீராய்டு எழுதினார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

நான் எங்கே சறுக்கினேன் என்பது ஸ்டீராய்டு தந்த தூக்கமில்லாத ராத்திரிகளில் மெதுவாகப் பிடிபட்டது. பாக்டீரியா மாறினால் உள்தோல் மாறும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். உள்தோல் கெட்டிருந்தால் எந்த பாக்டீரியாவும் அங்கே ஒழுங்காக வாழாது என்ற மறுபாதியை விட்டுவிட்டேன். அழற்சி இருக்கும் சுவரிலிருந்து ஆக்சிஜன் கசிகிறது. அந்த இடத்தில் ஆக்சிஜன் ஆகாத நல்லவர்களை எத்தனை கோடி கொட்டினாலும் தங்க மாட்டார்கள். என் காப்ஸ்யூலில் இருந்தவை அந்த வகைகூட இல்லை. நார்ச்சத்தும் அப்படியே. நொதிக்கவைக்க ஆள் இல்லாத குடலில் சிலவகை நார்ச்சத்து நொதிக்காமல் கிடந்து அழற்சியைக் கூட்டக்கூடும் என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. எல்லாருக்கும் அப்படி இல்லை, சிலருக்கு. நார்ச்சத்தையே ஒதுக்க அது காரணம் ஆகாது. எந்தக் கட்டத்தில், எந்த வகை, எவ்வளவு என்று டாக்டரையும் உணவு ஆலோசகரையும் கேட்டுச் செய்ய வேண்டியது என்று மட்டும் புரிந்தது.

அப்போது கண்ணில் பட்டதுதான் 2021இல் வந்த இன்னொரு எலி ஆய்வு. முன்பு சொன்ன அதே பிபார்-காமா விசை. பியூட்டிரேட் அழுத்தும் அந்த விசையை 5-ஏஎஸ்ஏவும் அழுத்துகிறது. விசை அழுந்தியதும் உள்தோல் மறுபடி ஆக்சிஜனை எரிக்கிறது, கசிவு குறைகிறது, ஈ.கோலையின் கும்மாளமும் அடங்குகிறது. நான் நிறுத்திய மாத்திரை, பாக்டீரியாவுக்காக என்று நிறுத்திய அதே மாத்திரை, சுவர் வழியாக பாக்டீரியாவையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்திருக்கலாம். எலிக்கு நடப்பதெல்லாம் எனக்கும் நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

முதலில் கெடுவது எது, சுவரா பாக்டீரியாவா? பாக்டீரியா பக்கம் பலமான சாட்சி உண்டு. அழற்சியை அடக்கும் ஐஎல்-10 என்ற புரதம் இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி வரும். அவற்றையே கிருமியில்லாச் சூழலில் வளர்த்தால் வராது. மனிதரிடம், பெல்ஜியத்தின் லூவெனில் 1991இல் வெளியான ஆய்வில், குரோன் நோய்க்காகக் குடலை வெட்டி இணைத்த 5 பேருக்கு மலம் அந்த இணைப்பு வழியாகப் போகாமல் தற்காலிகமாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் அங்கே நோய் திரும்பவில்லை. பாதையைத் திறந்துவிட்டதும் திரும்பியது. சுவர் பக்கமும் சாட்சி உண்டு. குரோன் நோயாளிகளின் நலமான நெருங்கிய உறவினர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தபோது, பின்னாளில் நோய் வந்தவர்களிடம் குடல் கசிவு, அதாவது உள்ளே இருப்பது சுவரைத் தாண்டி உடம்புக்குள் கசிவது, வெகுமுன்பே கூடுதலாக இருந்தது. இரு தரப்பையும் கேட்டுவிட்டு, தீர்ப்பு எழுதாமல் கோர்ட்டை ஒத்திவைத்துவிட்டேன். எனக்கு அது இப்போது அவ்வளவு அவசரமான கேள்வியாகவும் படவில்லை.

என் கணக்கைக் கலைக்கும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. குரோன் நோய் வந்த குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வெறும் திரவ ஊட்ட உணவு மட்டும் கொடுப்பார்கள். பெரும்பாலும் நார்ச்சத்தே இல்லாதது. பாக்டீரியாவின் வகைகள் குறைகின்றன, நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த பிராஸ்னிட்ஸியும் குறைகிறது. ஆனால் பல குழந்தைகளுக்கு உள்தோல் ஆறுகிறது! எத்தனை வகை இருக்கிறது, நல்லது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது போலிருக்கிறது.

மலமாற்று சிகிச்சையைப் பற்றியும் கேட்பார்கள். நலமானவரின் மலத்தைப் பதப்படுத்தி நோயாளியின் குடலில் செலுத்துவது. கனடாவில் என் நோய் உள்ள 75 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனையில், பெற்றுக்கொண்ட 38 பேரில் 9 பேருக்கு நோய் அடங்கியது, வெறும் தண்ணீர் செலுத்தப்பட்ட 37 பேரில் 2 பேருக்கு. அந்த 9 பேரில் 7 பேருக்குக் கொடுத்தவர் ஒரே ஆள். அவர் குடலில் அப்படி என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் பொறாமையோடு. பின்னால் வந்த சில சோதனைகளும் பலன் காட்டின, சில காட்டவில்லை. வீட்டில் தானாகச் செய்துகொள்கிற வீடியோக்கள் உலவுகின்றன. தயவுசெய்து வேண்டாம். கொடுப்பவரின் மலத்தோடு அவருடைய நோய்க்கிருமியும் சேர்ந்து வரும்.

ஸ்டீராய்டு நிறுத்தி, மெசலமினுக்குத் திரும்பி இப்போது ஒன்றரை வருஷம். கடைசி கொலனோஸ்கோபியில் சுவர் வெளிர் இளஞ்சிவப்பாக, ரத்தக்குழாய்கள் கிளை கிளையாகத் தெரியும்படி இருந்தது. பயாப்ஸியில் மட்டும் இரண்டு இடத்தில் கொஞ்சம் அழற்சி மிச்சம்.

போன முறை டாக்டரிடம் போனபோது ஒரு விஷயத்தை ஆர்வமாக எடுத்துச் சொன்னேன். 5-ஏஎஸ்ஏவைச் செயலிழக்கச் செய்யும் நொதிகள் சில குடல் பாக்டீரியாக்களிடம் இருக்கின்றன, அவை உள்ளவர்களுக்கு மருந்து தோற்றுப்போகும் வாய்ப்பு அதிகம் என்று 2023இல் கண்டிருக்கிறார்கள். ஒரு பாக்டீரியா மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறது, இன்னொன்று அதைக் கெடுத்துவிடுகிறது. என் குடலில் எந்தக் கட்சி பலமாக இருக்கிறது என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“படிச்சேன். இங்க அதுக்கு டெஸ்ட் இன்னும் வரலை.” மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். “கால்புரொடெக்டின் பார்ப்போம். நாளைக்குக் காலையில கொண்டுவந்து குடுத்துடுங்க.”